எந்தப் பக்கத்தையும் தாண்டக் கூடாது

உங்கள் மடிக்கணினி இரைகிறதே அண்ணாச்சி, அதைக் கேட்டுத்தான் திரும்பினேன். தப்பாக நினைக்காதீர்கள், திரையில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. சாத்தூர் தாண்டியதிலிருந்து ஒரே தாளைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள். விரல்கூட அசையவில்லை. அப்புறம் எதற்கு இந்த இரைச்சல்? நீங்கள் சும்மா இருந்தாலும் உள்ளே ஒருவன் சும்மா இல்லை. ஓடிக்கொண்டே இருக்கிறான். அவனால்தான் எங்கள் ஊரில் இத்தனை ரகளை.

என் பெயர் இருளப்பன். சிவகாசி. உங்களைச் சார் என்று கூப்பிடமாட்டேன், அந்தச் சொல்லை விட்டு நாற்பது வருடமாகிறது. தோழர் என்றால் நீங்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வீர்கள். அதனால் அண்ணாச்சி.

தூத்துக்குடிக்குப் போகிறேன். பழைய தோழர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். நாளைக் காலை. ஆமாம், நாளைக்குத்தான். ஒரு நாள் முன்னால் போனால் என்ன? கல்யாண வீட்டில் ஆளுக்கு வேலையா இருக்காது?

இன்றைக்கு நாலு மணிக்கு எங்கள் கம்ப்யூட்டர் அச்சுக்கோர்ப்புக் கூடத்தில் பொதுக்குழு இருக்கிறது. நான்தான் தலைவர். தலைவர் இல்லாவிட்டாலும் பொதுக்குழு நடக்கலாம், விதி இருக்கிறது. விதியை எழுதியவனே நான். ஜெபக்கனி என்று ஒரு பெண்ணை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்குவதற்கான கூட்டம். நீக்கினால் அதோடு முடியாது. எங்கள் வழக்கப்படி நோட்டீஸ் அடித்து மற்ற கூடங்களுக்கெல்லாம் அனுப்புவோம். ‘இன்னாருக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை’ என்று. அந்த நோட்டீஸ் போன ஆளை எங்கள் ஊரில் எந்த அச்சகத்துக்காரனும் படியேற்ற மாட்டான். நோட்டீஸ் வாசகம் தயாராக இருக்கிறது. நான்தான் எழுதினேன். வேறு யாருக்கு எழுத வரும்?

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் விளங்கும்.

நான் ஈயத்தில் எழுத்துக் கோர்த்தவன். பள்ளிக்கூடம் எனக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் துண்டுப் பிரசுரம்தான். கோர்க்கும்போதே படித்துவிடுவேன், அதுவும் தலைகீழாக. கூலியும் மூலதனமும் ஒரு எட்டுப் பக்கம். பூமி சூரியனைச் சுற்றுவது ஒரு எட்டுப் பக்கம். கடவுள் இல்லை என்பது நாலே பக்கம். பதினாறு பக்கத்துக்கு மேல் போகிற விஷயத்தில் ஏதோ மோசடி இருக்கிறது என்பது என் கருத்து. மூன்று தடவை லாக்கப். கூட நின்று கோஷம் போட்டவன் இன்றைக்குக் காரில் போகிறான், கண்ணாடியை இறக்கிக் கையாட்டுகிறான். நான் கவர்மென்ட் பஸ்ஸில் போகிறேன். போகட்டும்.

ஈயம் போய் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டரில் அடித்தவர்களும் ஒரு நாள் வேலையில்லாமல் நின்றார்கள். அப்போதுதான் சொன்னேன், முதலாளியை எதிர்பார்க்காதீர்கள், நாமே ஒரு கூடம் வைப்போம் என்று. பழைய சர்வர் ஒன்று வாங்கினோம். பீரோ மாதிரி இருக்கும். அந்த ஒரே மிஷினை உள்ளுக்குள்ளேயே இருபதாகப் பிரித்து, இருபது மேஜையில் திரையும் விசைப்பலகையும் வைத்தோம். உட்காருகிறவனுக்கு அது தனிக் கம்ப்யூட்டர் மாதிரித் தெரியும். பிரித்துக் கொடுத்தது ஜெபக்கனி. பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவள். அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்துவிட்டாள். படிப்பு நிறைய. வாயும் நிறைய. முதல் நாளே என்னைப் பார்த்து, “தலைவரே, சொற்பொழிவு பவர் கட் நேரத்துல வச்சிக்கிடுவோமா?” என்று கேட்டவள்.

அவள் அப்பாவைப் பற்றி இரண்டு தடவை விசாரித்தேன். “அப்படியேதான் இருக்காரு” என்றாள். அப்படியேதான் இருக்கிறார் என்றால் அப்புறம் என்னத்தை விசாரிப்பது? விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் ஆடி பிறந்தால் காலண்டர் வேலை. முருகன், லட்சுமி, ஏசு, மெக்கா, குழந்தை, ரோஜாப்பூ என்று படம் வந்துவிடும். கீழே கடைப் பெயர் அடிப்பதுதான் எங்கள் கூடத்துக்கு வேலை. தீபாவளிக்குள் முடிந்தால் அந்த வருடம் பிழைத்தோம். இருபது பேரும் ஒரே லட்சுமியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருத்தர் நகைக்கடை, ஒருத்தர் அரிசி மண்டி என்று அடிப்பார்கள். எனக்கும் லட்சுமிக்கும் ஒட்டுறவு கிடையாது, ஆனாலும் உங்களுக்கு விளங்க வேண்டுமென்று சொல்கிறேன். லட்சுமி ஒன்றுதான், கடைதான் வேறு. மிஷினுக்கு அது தெரியாது. மெமரியில் இருபது லட்சுமியை வைத்துக்கொண்டு திணறும்.

இங்கேதான் அந்த ஆள் வருகிறான், உள்ளே ஓடுகிறவன். கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒரு நிர்வாகி உண்டு. யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது முறை என்று பங்கு போடுகிறவன். மெமரியைச் சின்னச் சின்னப் பக்கங்களாக வெட்டி வைத்திருப்பான். அவனுக்குக் கீழே ஒரு காவல்காரன். அவன் வேலை, ஒவ்வொரு பக்கமாகப் போய் இதே மாதிரி இன்னொன்று எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவான். இருபது லட்சுமி போய் ஒரு லட்சுமி. எல்லாரும் அதையே பார்த்துக்கொள்ளலாம். எவனாவது அதில் கை வைத்தால் அவனுக்கு மட்டும் தனிப் பிரதி போட்டுக் கொடுப்பான். பொதுவுடைமை, அண்ணாச்சி! இதை ஜெபக்கனி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் ஊரில் கொண்டுவர முடியாததை இரும்புப் பீரோவுக்குள் எவனோ கொண்டுவந்திருக்கிறான். அன்றைக்கே ஒரு எட்டுப் பக்கம் எழுதி அடித்தேன்.

ஆனால் காவல்காரன் சுற்றுவதற்கும் மிஷின்தானே உழைக்க வேண்டும்? ஆடி பாதியில் வேலை கூடக் கூட, அவன் சுற்றுவதிலேயே பாதிச் சக்தி போனது. எங்கள் கூடத்தில் ஆவுடைத்தங்கம் என்று ஒரு அம்மாள், எல்லாரையும்விட வேகமாக அடிப்பவள். “தலைவரே, நான் ‘அ’ அடிச்சிட்டு டீ குடிச்சிட்டு வந்தா, அப்பத்தான் ‘அ’ எட்டிப் பாக்குது” என்றாள்.

ஜெபக்கனி ஆராய்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். “இவன் பாத்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் பாக்கான் தலைவரே. ஒத்தச் செருப்பு கெடக்கு. ஜோடி இருக்கான்னு தேடுதான். இல்ல. அடுத்த சுத்துலயும் அதே செருப்பை எடுத்துத் தேடுதான். அதுக்கடுத்த சுத்துலயும். வெட்டி வேலை. மூணு சுத்து பாத்தும் ஜோடி இல்லேன்னா நாலாவது சுத்துல அதைத் தாண்டிப் போகச் சொல்லுவோம். அப்புறமும் இல்லியா, ரெண்டு சுத்து தாண்டு, நாலு சுத்து தாண்டு. ஒரேயடியா விடல. எட்டுச் சுத்துக்கு ஒரு தடவையாவது பாத்துருவான்.”

கெர்னலிலேயே கை வைத்து அப்படி மாற்றி எழுதிவிட்டதாகவும் சொன்னாள். தைரியத்தைப் பாருங்கள். யாரிடமும் கேட்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. செருப்பு என்கிறாள். எனக்குச் செருப்பாகத் தெரியவில்லை. சந்தா வசூலுக்கு வீடு வீடாகப் போனவன் நான். மூன்று தடவை கதவைத் திறக்காத வீடு நாலாவது தடவை திறக்கும். திறந்து, தண்ணீர் கொடுத்து, உறுப்பினர் சீட்டும் வாங்கும். அப்படித் திறந்த வீடுகளால்தான் சங்கம் வளர்ந்தது. பொதுக்குழுவைக் கூட்டினேன். எழுந்து நின்றேன். “மூணு தடவை போனேன், பேசல, இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்னு ஒரு சங்கத்துக்காரன் சொல்லலாமா? மாறாதவன்னு ஒருத்தனை முத்திரை குத்தித் தாண்டிப் போறதுக்கு நாம யாரு? முதலாளி அப்படித்தானே நம்மளைத் தாண்டிப் போனான்?” என்று கேட்டேன். கை தட்டல் அடங்கவே இல்லை. செயலாளர் கோமதிநாயகம் கண்ணைத் துடைத்தார்.

ஜெபக்கனி எழுந்தாள். “தலைவரே, அது வீடு இல்ல, மெமரி. தாண்டிப் போனா அதுக்கு மனசு நோகாது. நேரம் இருந்தா உங்க பேச்சை மனுசங்களுக்கு வச்சிக்கிடுங்க” என்றாள். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டுக்கு விட்டேன். ‘கெர்னல் எந்தப் பக்கத்தையும் தாண்டாமல் அனைத்தையும் சமமாகப் பார்க்க வேண்டும்’ என்று தீர்மானம். இரண்டு மூன்று பேர் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். தமிழ்நாட்டில் வேறு எந்தச் சங்கமாவது கெர்னலுக்குத் தீர்மானம் போட்டிருக்கிறதா, சொல்லுங்கள். நாங்கள் போட்டோம்.

அவள் “சரி” என்றாள். ஒரே சொல்.

மறுநாளிலிருந்து கூடம் பறந்தது, அண்ணாச்சி. ‘அ’ அடித்தால் ‘அ’. எல்லாருக்கும் முகத்தில் களை. ஆவணி முழுக்க வேலை கொட்டியது. நான் ‘சமப் பார்வை வென்றது!’ என்று நாலு பக்கத்தில் ஒரு பிரசுரம் போட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்று கையில் கையில் கொடுத்தேன். யாரையும் விடாமல் சமமாகப் பார்த்தால் வேகம் குறையும் என்பது ஆளும் வர்க்கத்தின் பொய், இதோ எங்கள் கூடம் சாட்சி என்று. நல்ல நடை. இன்றைக்குப் படித்தாலும் நன்றாக இருக்கும். படிப்பதில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் டீ நேரத்தில் ஆவுடைத்தங்கத்திடம் அந்தப் பிரசுரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “ஐயோ தலைவரே, நெசமாவே தீர்மானத்துனாலதான் வேகம் வந்துச்சுன்னா நெனச்சீக? ஜெபக்கனி அதை எடுக்கவே இல்லியே. தாண்டித் தாண்டித்தானே ஓடுது. எல்லாருக்கும் தெரியுமே!”

“எல்லாருக்குமா?”

“கோமதிநாயகத்துக்குங்கூடத் தெரியும். உங்ககிட்டச் சொன்னா வருத்தப்படுவீகன்னு விட்டுட்டோம்.”

விட்டுட்டோம் என்றாள். நான் பிரசுரத்தைக் கொடுத்தபோது எல்லாரும் வாங்கி, தலையை ஆட்டி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர்கள். இரண்டு மாதம் ஒரு கூடமே சேர்ந்து என்னைப் பச்சைப்பிள்ளையாக நடத்தியிருக்கிறது. லாக்கப்பில் அடி வாங்கியபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை. அடிக்கிறவன் நம்மை ஆள் என்று மதித்துத்தானே அடிக்கிறான்?

எங்கள் கூடத்தில் எந்தப் பூட்டுக்கும் இரண்டு சாவி. ஒன்று பொறுப்பாளரிடம், ஒன்று தலைவரிடம். இதுவும் நான் எழுதிய விதி. சர்வருக்கும் அப்படித்தான். அதன் பாஸ்வேர்டை ஜெபக்கனி எனக்குக் கொடுத்திருந்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். கெர்னலை மாற்றி எழுதியதாகச் சொன்ன அன்றே இடத்தையும் காட்டியிருந்தாள். “இந்த இடத்துல ஒண்ணு இருந்தா தாண்டும். பூஜ்யம் போட்டா தாண்டாது. கீழே இருக்கது, ஒரு மூச்சுல எத்தனை பக்கம் பாக்கணும்ங்கிற கணக்கு. அதை மட்டும் தொட்டுராதீக.”

காலண்டர் வேலையில் பெரிய ஆர்டர் ஒன்று. ஆர்டர் கொடுத்த ஏஜென்ட்டின் ஆள் ஒரு நாள் சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய் அச்சுப் பிளேட் போடுவதாக ஏற்பாடு. அன்று ஜெபக்கனி வரத் தாமதமாகும், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். என்னிடம் தனியாகச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னாள். நானும் அங்கேதான் நின்றேன்.

அன்றைக்குத்தான் காலையில் சீக்கிரம் போனேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை, தூக்கம் பிடிக்கவில்லை. கூடத்தில் யாரும் இல்லை. உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு போட்டேன். ஒன்று இருந்தது. அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். ஒரே ஒரு எண், அண்ணாச்சி. பொதுக்குழுவின் தீர்மானம் அது. தீர்மானத்தை அமல் செய்வது தலைவரின் கடமையா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

கீழே இருந்த கணக்கையும் கொஞ்சம் கூட்டினேன். எல்லாப் பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறதே, மெதுவாகப் பார்த்தால் வேலை தேங்குமே, வேகமாகப் பார்க்கட்டும் என்று ஒரு நல்ல எண்ணத்தில் பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்தேன்.

எல்லாரும் வந்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எழுத்து நின்று நின்று வந்தது. பிறகு நகர்த்திய அம்புக்குறி நகரவில்லை. இருபது பேரும் தட்டியதையே தட்டினார்கள். மிஷின் எழுப்பிய இரைச்சல் இருக்கிறதே, உங்களுடையது அதற்கு முன்னால் தாலாட்டு. உள்ளே காவல்காரன் வெறி பிடித்த மாதிரி சுற்றுகிறான், பார்த்ததையே பார்க்கிறான், வேறு ஒருவருக்கும் முறை வரவில்லை. எல்லாரும் அந்தப் பீரோவைச் சுற்றி நின்று, “ஜெபக்கனிக்குப் போன் போடுங்க” என்றார்கள். போட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவள் எடுக்கவில்லை.

நான் வாசல் பக்கம் நாற்காலியில் இருந்தேன். எழுந்து போய் ஒன்று என்று போட்டிருந்தால் சரியாகியிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் நிற்கிறார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய், உட்கார்ந்து, எல்லார் கண்ணும் என் விரலில் இருக்க... எப்படி? உங்களால் முடியுமா? எல்லாராலும் முடியும் என்றுதான் தோன்றும், அந்த நாற்காலியில் உட்காராதவரைக்கும்.

கோமதிநாயகம் பதறிப்போய், “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்” என்று சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். எழுதிக்கொண்டிருந்த வேலையெல்லாம் பாதியில் போயிற்று. முடித்து வைத்திருந்ததிலும் பாதி திறக்கவில்லை. ஏஜென்ட்டின் ஆள் வந்தான், பார்த்தான், வேறு அச்சகத்துக்கு ஃபோன் பேசிக்கொண்டே படியிறங்கினான். எங்களுக்குக் காலண்டர் சீசன் அந்தப் படியோடு முடிந்தது. தீபாவளிக்கு ஆவுடைத்தங்கம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே பேச்சு கிளம்பிவிட்டது. தீர்மானத்தை மீறி அவள் தாண்ட விட்டிருக்கிறாள், தாண்டித் தாண்டிப் போய் மொத்தமாக விழுந்துவிட்டது என்று. நான் கிளப்பவில்லை. கோமதிநாயகம்தான் முதலில், “எங்க யாருக்கும் இது தெரியாது தலைவரே” என்றார். காலையில் எல்லாருக்கும் தெரிந்திருந்த விஷயம் சாயங்காலம் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆவுடைத்தங்கம் மட்டும் அந்தப் பேச்சில் சேராமல் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் மீறியது உண்மையா இல்லையா? உண்மை. பொதுக்குழுவில் “சரி” என்று சொல்லிவிட்டு மீறினாள். குற்றச்சாட்டில் நான் அதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். மிஷின் விழுந்ததற்கு அவள்தான் காரணம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ‘இதன் விளைவுகளை அனைவரும் அறிவர்’ என்று மட்டும் எழுதினேன். அதில் பொய் எங்கே இருக்கிறது?

ஜெபக்கனி மறுநாள் வந்து மிஷினைத் திறந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. எழுந்து என் மேஜைக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“தலைவரே, ஒண்ணு இருந்த எடத்துல பூஜ்யம் இருக்கு” என்றாள்.

“அப்படியா?” என்றேன்.

“பாஸ்வேர்டு ஒண்ணுதான், கை ரெண்டு. எந்தக் கைன்னு மிஷின் சொல்லாது. நான் சொன்னா, மாட்டிக்கிட்ட பிறகு தலைவர் மேல பழி போடுறான்னு சொல்லுவாங்க. அதனால நான் சொல்ல மாட்டேன்.” போகத் திரும்பினவள் மறுபடி என் பக்கம் வந்தாள். “அப்பாவுக்கு இந்தப் பக்கமும் விழுந்திருச்சு தலைவரே. நான் இனி ஊரை விட்டு எங்கயும் போக முடியாது. இந்தக் கூடம்தான் எனக்கு. உங்களுக்கே தெரியும்.”

எனக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி? அப்படியேதான் இருக்கிறார் என்றுதானே சொல்லியிருந்தாள்.

அதற்குப் பிறகு மூன்று தடவை வந்திருப்பாள் என் மேஜைக்கு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது சின்ன வேலையைச் சாக்கு வைத்து வருவாள். என் முகத்தைப் பார்ப்பாள். நான் தாளைப் பார்ப்பேன். போய்விடுவாள். போன வாரத்திலிருந்து வருவதில்லை. வாசலில் எதிரே வந்தால்கூட, நான் நிற்கிற இடம் காலியாக இருக்கிற மாதிரி நடந்து போகிறாள். முறைத்தாலாவது கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோவில்பட்டி வந்துவிட்டது பாருங்கள். பத்து நிமிடம் நிற்பான். டீ ஏதாவது சாப்பிடுகிறீர்களா? எனக்கு வேண்டாம்.

அந்தா, எதிர்ப்பக்கம் நிற்கிறதே, அது சிவகாசி பஸ். இப்போது ஏறினால் நாலுக்குக் கொஞ்சம் முன்னேபின்னே போய்விடலாம்தான். தெரியும். கல்யாண வீட்டில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேனே. வாக்கு என்று ஒன்று இருக்கிறதில்லையா.

போய் என்ன சொல்வது? எழுபது வயதில் எழுந்து நின்று, தோழர்களே, பூஜ்யம் போட்டது நான் என்று சொன்னால் அப்புறம் என்ன மிஞ்சும்? எனக்காகச் சொல்லவில்லை. நான் யார், ஒரு தனிமனிதன். இயக்கத்துக்கு என்ன மிஞ்சும்? நாற்பது வருடப் பிரசுரத்தையும் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். அவளுக்கு வயது இருக்கிறது, படிப்பு இருக்கிறது. எங்கேயாவது...

ஆமாம். எங்கேயும் போக முடியாது என்று சொன்னாள்தான். நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லாதீர்கள்.

சிவகாசி பஸ் கிளம்பிவிட்டது. நம் ஆளும் ஹாரன் அடிக்கிறான். சரி, ஆனது ஆயிற்று.

இருங்கள், போன் அடிக்கிறது. கோமதிநாயகம். நாலு மணிக்குத்தானே கூட்டம், இப்போதே ஏன்?

சொல்லும் கோமதிநாயகம்... ஆமா, பஸ்ல. கோவில்பட்டி... ஆளெல்லாம் வந்தாச்சா, முன்னாலயே தொடங்கப் போறீரா? தொடங்கும்... அந்தப் புள்ள வந்திருக்கா? பேசுதாளா?... பேசல. சரி... யாரு, ஆவுடைத்தங்கமா? அந்தம்மாவுக்கு என்ன கேள்வி?... ஸ்பீக்கர்ல எதுக்குய்யா போடுறீரு?... சரி, போடும், போடும்.

தோழர்களே, வணக்கம். தவிர்க்க முடியாத காரணத்தால் உங்களோடு இருக்க முடியாமல் போனதற்கு... என்னம்மா ஆவுடைத்தங்கம்? கேளுங்க... சாவியா? ஆமா, தலைவர்கிட்டயும் ஒண்ணு உண்டு. விதிப்படி உண்டு.

...

இல்லம்மா. நான் ஒரு நாளும் அதைத் தொட்டது கிடையாது.

...

கேக்குதா? தொட்டது கிடையாதுன்னு சொன்னேன்... சரி. ஓட்டுக்கு விடும் கோமதிநாயகம். பெரும்பான்மை என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்பட்டவன். வைக்கிறேன், சிக்னல் சரியா இல்ல.

சிக்னல் இல்லை. இந்தப் பக்கம் எப்போதும் இப்படித்தான்.

மடிக்கணினியை ஏன் மூடிவிட்டீர்கள் அண்ணாச்சி? பாருங்கள், நீங்கள் பாருங்கள், நான் தொந்தரவு பண்ணவில்லை. இந்தப் பக்கம் வெயில் வேறு அடிக்கிறது. முன்னால் இரண்டு இடம் காலியாகியிருக்கிறது. நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன். காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்குங்கள், தாண்டிப் போய்விடுகிறேன்.